அதே அளவு

ஆம், இல்லை, இரண்டே கட்டங்கள்தான், ஒன்றில் டிக் போட்டால் வேலை முடிந்தது. பேனாவைத் திறந்து கால் மணி நேரம் ஆகிறது. எதையாவது ஒன்றைப் போட்டுத் தொலை ஸ்டெல்லா, டாக்டர் மூன்று மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், நாளைக் காலையில் பெங்களூரிலிருந்து ஆய்வுத் தாள்களைச் சரிபார்க்கிற மானிட்டர் வந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுவாள், வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது. கேள்வி நான்கு: மேற்கண்ட நிகழ்வு, இந்த ஆய்வின் வரையறைப்படி, நோய்த் தீவிரம் ஆகுமா? மேற்கண்ட நிகழ்வு என்று இவர்கள் சொல்வது ஆவுடையப்பனை. அறுபத்தேழு வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, ஒன்பது வருடமாக இன்ஹேலர், எங்கள் ஆய்வில் பதினேழாம் எண். பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் உதடு நீலம் பூத்து வந்து சேர்ந்தார், மத்தியானத்துக்குள் போய்விட்டார். போய்விட்டார் என்று எழுத வேறு தாள் இருக்கிறது, அதை அன்றைக்கே நிரப்பிவிட்டேன். இந்தத் தாள்தான் நகர மாட்டேன் என்கிறது. வரையறை எதிர்ச் சுவரில்தான் இருக்கிறது, நானே லேமினேட் செய்து ஒட்டியது. மூச்சிரைப்பு, சளியின் அளவு, சளியின் நிறம், இவற்றில் குறைந்தது இரண்டு, வழக்கத்தைவிட அதிகமாகி, தொடர்ந்து இரண்டு நாளோ அதற்கு மேலோ நீடித்து, அதற்காக மருந்து மாற்றப்பட்டிருந்தால் அது தீவிரம். இல்லாவிட்டால் இல்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் இதே தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரே அளவுகோலில் அளந்தால்தான் புது மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். நியாயம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. அடுத்த அறையில் மூச்சுப் பரிசோதனை பார்க்கிற அருள் யாரையோ குழாயில் ஊதச் சொல்லிக் கத்துகிறான், ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும், அவ்வளவுதானா தாத்தா, மறுபடி ஒருக்க. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற சத்தம்தான், இன்றைக்கு என் நெஞ்சுதான் காலியாகிறது.

ஆவுடையப்பனின் டைரி முன்னால் கிடக்கிறது, மூச்சும் சளியும் தினமும் எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே குறிக்கிறது. நீல அட்டை, ஓரத்தில் காபிக் கறை. ஒரு நாளைக்கு ஒரு வரி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: குறைவு, அதே அளவு, அதிகம், மிக அதிகம். வியாழக்கிழமை, அதிகம். வெள்ளி, அதே அளவு. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், அதே அளவு, அதே அளவு, அதே அளவு, ஒவ்வொரு டிக்கும் கோணாமல் கட்டத்துக்குள் அடங்கி நிற்கிறது. அடுத்த வியாழன், அதிகம். வெள்ளி, அதே அளவு. சனிக்கிழமை காலி. இரண்டு நாள் சேர்ந்தாற்போல அதிகம் என்று எங்குமே இல்லை. வரையறைப்படி இந்த மனிதருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒன்றுமே ஆகாமல் செத்துப்போனார். அன்றைக்குக் காஷுவாலிட்டியில் அவருடைய மகன் குத்தாலிங்கம் இந்த டைரியைத்தான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான், டாக்டர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்றேன். டாக்டர் சுகுமாரன் கெட்டவர் இல்லை, சாவைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். "நெஞ்சு பூரா சளி கட்டிக் கெடக்கு, இது ஒரே நாள்ல வர்றதில்ல. தினமும் அதே அளவு அதே அளவுன்னு எழுதியிருக்கீங்களே, இப்படி மறைச்சா நாங்க என்ன பண்றது?" என்றார். மகன் டைரியையே பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். நானும் மறைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன், ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு, இன்ஹேலர் இங்கே இலவசம். கிழவர்களின் பிடிவாதம் என்று நினைத்து, மனசுக்குள் அவரைக் கொஞ்சம் திட்டக்கூடச் செய்தேன்.

ஒரு மணிக்குப் போன் செய்திருக்கவே வேண்டாம். மருந்து மாற்றிய தேதி என்று ஒரு கேள்வி, கேள்வி மூன்று, வீட்டில் ஏதாவது மாத்திரை வாங்கிக் கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் செய்தேன். பகவதியம்மாள் எடுத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது என்றார், நீங்க வருவீகன்னு பாத்தேன் சிஸ்டர் என்றார். நான் நர்ஸ் இல்லை, ஆய்வுக்குக் காகிதம் பார்க்கிறவள், எத்தனை தடவை சொன்னாலும் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். "மாத்திர ஒண்ணும் குடுக்கல சிஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு தெனமும் கேட்டேன். நேத்து மாதிரிதானட்டி இருக்கு, எதுக்குப் போகணும்னுதான் சொன்னாக." சரிம்மா, டைரியை அவரே எழுதினாரா என்று கேட்டேன், கேட்க வேண்டிய அவசியமே இல்லை, வாய் சும்மா இருக்காதே. "அவுகளுக்குக் கண்ணுல பொர விழுந்துருக்குல்லா. நாந்தான் எழுதுவேன். காலேல காபி குடுத்துட்டு, நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் கேப்பேன், நேத்தைக்கு எப்படி, இன்னைக்கு எப்படின்னு. நேத்து மாதிரிதான்னா அதே அளவுன்னு போடுவேன். ரெண்டு நாள் சேந்தாப்ல அதிகம்னு வந்தா போன் பண்ணணும்னு சொன்னீகள்லா, நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், வரவே இல்லியே சிஸ்டர்." அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. விழுந்தது இதுதான்: "மவன் எங்கூடப் பேச மாட்டுக்கான். ஒன் கையெழுத்துதான இது, பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கியேன்னு அன்னைக்குக் கேட்டான், அதோட சரி. இருவது நாளா மூஞ்சியப் பாக்கல. இன்னைக்கு மூணு மணிக்குத் திருப்பூருக்குக் கெளம்புதான். இனிமே எப்ப வருவானோ." சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோங்க என்றேன். வைத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கோங்க! சோற்று டப்பாவை மூடினேன், பசி எங்கே போயிற்றோ.

ஜூன் மாதம் நான்காம் தேதியோ ஐந்தாம் தேதியோ. இல்லை, ஐந்துதான், அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் மின்விசிறி மட்டும் சுற்றாது. ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், ஒப்புதல் தாளே ஒவ்வொன்றும் பதினெட்டுப் பக்கம். அவர் மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த நாற்காலியில்தான் இருந்தார், மனைவி பின்னால் நின்றார். டைரியை விளக்கினேன். வழக்கத்தைவிட அதிகமா, வழக்கம் போலவா என்று. அவர் நல்ல கேள்வி கேட்டார், யாரும் கேட்காத கேள்வி. "வளக்கம்னா எது சிஸ்டர்? காலேல எந்திரிச்சா எரைக்கும், குளிச்சா எரைக்கும், மாடிப்படியப் பாத்தாலே எரைக்கும். இதுல வளக்கம்னு எதச் சொல்ல?" அதற்குப் பதில் இருக்கிறது. நெறிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது, பக்கம் எண்கூடச் சொல்வேன், ஆய்வில் சேர்வதற்கு முந்தைய நான்கு வாரம் அவர் தெளிவாக இருந்தபோது எப்படி இருந்ததோ அதுதான் வழக்கம், ஒவ்வொரு நாளையும் அதோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். பயிற்சியில் அதற்குத் தேர்வு வைத்தார்கள், நான் முழு மார்க். அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? நான்கு வாரம் என்று சொன்னேனா? சொன்ன மாதிரியும் இருக்கிறது. வேர்வை கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, வெளியே ஐந்து பேர், ஒருவர் வாந்தி எடுக்கிறார், அருள் கதவைத் தட்டுகிறான். சொல்லவில்லை. "நேத்து எப்படி இருந்துச்சோ அதோட வச்சுப் பாருங்க அண்ணாச்சி. நேத்து மாதிரியே இருந்தா அதே அளவு, நேத்தைவிடக் கூடினா அதிகம்," என்றேன். எளிமையாகச் சொல்லிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நம்ம பஸ்ல டிக்கெட் கணக்கு எழுதுத மாதிரிதான். முந்துன ஸ்டேஜ வச்சு அடுத்த ஸ்டேஜ எழுதணும்," என்றார். நான் சிரித்தேன். அதேதான் என்றேன். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் என் கையில் இருக்கிற எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். கண்டக்டர், முப்பத்திரண்டு வருடம் ஸ்டேஜ் ஸ்டேஜாக எழுதிப் பழகியவர், ஒரு நாளும் தவறவில்லை, நான் சொன்னபடியே ஒவ்வொரு காலையும் முந்தின நாளைப் பார்த்தார். வியாழக்கிழமை ஒரு படி இறங்கினார், வெள்ளிக்கிழமை அந்தப் படியிலேயே நின்றார், அதனால் அதே அளவு. மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே தூங்கி எழுந்து, நேற்றும் உட்கார்ந்துதான் தூங்கினோம் என்று யோசித்து, அதே அளவு. அவர் பொய் சொல்லவில்லை. எவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

வழக்கம் என்பது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது. நானும் கணவர் டேனியலும் வீட்டில் பேசிக்கொண்டு எத்தனை நாளாகிறது? சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நேற்றும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார், முந்தாநாளும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் இந்த மனிதர் சமையலறையில் மேடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுவார், போ போ என்று விரட்ட வேண்டியிருக்கும். இப்போது எதற்கு அவர் நினைப்பு, செத்தவர் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பத்து. டாக்டரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், அதுதான் முறை, நோயாளி வீட்டுக்காரர்களிடம் இப்படிப்பட்ட விஷயத்தை நானாகப் பேசக் கூடாது, பயிற்சியில் அதற்கும் கேள்வி வந்தது. டாக்டர் மூன்று மணிக்கு வருவார், வந்ததும் ஓ.பி.யில் இரண்டு பேரைப் பார்ப்பார், மூன்றரை. குத்தாலிங்கம் அதற்குள் பஸ் ஏறியிருப்பான். ஏறினால் என்ன? ஏறட்டுமே. பையன்கள் கோபப்படுவார்கள், தீபாவளி பொங்கல் என்று வந்தால் சரியாகிவிடும். சரியாகுமா? ஒரு வருடம் பேசாமல் இருந்தால் அடுத்த வருடம் போன வருடம் மாதிரிதான் இருக்கும். நான் வாயைத் திறந்தால் அவன் நேராக இங்கே வருவான். வந்து சட்டையைப் பிடிப்பான், எனக்குச் சட்டை இல்லை, சரி, மேஜையைத் தட்டுவான். ஆய்வை நிறுத்துவார்கள், நான்கு ஊரிலிருந்து கடிதம் வரும், என் பெயர் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். நாற்பத்து நான்கு வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது. வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்து பகவதியம்மாளுடையது, தாள் சுத்தம், டிக்கெல்லாம் கட்டத்துக்குள். மறைத்தார் என்று டாக்டரே சொல்லியாயிற்று. பயமாக இருக்கிறது, கர்த்தாவே, எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது.

அப்போதுதான் உறைக்கிறது. இருபத்து மூன்று பேர். எல்லோருக்கும் டைரி விளக்கியது நான்தான். ஆவுடையப்பனுக்கு மட்டும் எளிமையாகச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்கு நான்கு வாரக் கதை சொல்லியிருப்பேனா? பீரோவைத் திறந்து போன மாத டைரிகளை அள்ளி மேஜையில் போடுகிறேன். கைக்கு வந்த வரிசையில் முதலாவது பரவாயில்லை. இரண்டாவது பரவாயில்லை. ஆறாவது, அதிகம், அதே அளவு, அதே அளவு, அதே அளவு. பன்னிரண்டாவது அப்படித்தான். ஐந்து டைரிகள், ஐந்து பேரும் ஜூனில் அந்தக் கரண்ட் போன நாளில் வந்தவர்கள், ஆவுடையப்பனோடு ஆறு. போனை எடுக்கிறேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. இரண்டு பேர் நன்றாகப் பேசுகிறார்கள், மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேசுகிறார்கள், ஒருவர் மாட்டுக்குப் புல் வெட்டப் போய்க்கொண்டிருக்கிறேன் என்கிறார், அழலாம் போல இருக்கிறது. ஐந்தாவது பிச்சம்மாள், ஹோட்டலில் விறகடுப்பு வைத்து முப்பது வருடம் இட்லி அவித்தவர், பீடியைக் கையால் தொடாதவர். "நேத்து மாதிரிதான் இருக்கு சிஸ்டர்," என்கிறார், அதை இரண்டு தடவையாகப் பிரித்துச் சொல்கிறார். நேற்றை விடுங்கம்மா, தீபாவளிக்கு எப்படி இருந்தீங்க? "தீவாளிக்கா? அன்னைக்குக் கோயில் வரைக்கும்... நடந்துல்லா போனேன்." இப்போது? "இப்ப... பாத்ரூம் போயிட்டு வந்தா... கட்டில்ல ஒக்காந்துருதேன்." டைரியில என்னம்மா எழுதியிருக்கீங்க? "அதே அளவுதான்." அம்மா, மருமகளைக் கூப்பிடுங்க. ஆட்டோ பிடித்து இப்போதே வரச் சொல்கிறேன், நாளைக்கு என்று பேசக் கூடாது என்கிறேன், அந்தப் பெண் பயந்துபோய் சரி சரி என்கிறாள். அருளிடம் ஓடிப்போய் சக்கர நாற்காலியைக் கீழே கொண்டுபோய் வை, பிச்சம்மாள் வருகிறார், எடுக்காத இந்த இரண்டு நம்பரையும் விடாமல் அடி என்கிறேன், அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறான். அவர் பிழைத்துக்கொள்வார், ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டால் நான்கு நாளில் எழுந்து உட்காருவார். அந்த முதல் வியாழனுக்கு மறுநாளே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் ஆவுடையப்பனும் எழுந்து உட்கார்ந்திருப்பார், டிக்கெட் எடுத்தாச்சா சிஸ்டர் என்று கேலி செய்துகொண்டு.

இரண்டு நாற்பது. கேள்வி நான்குக்கு இல்லை என்று டிக் போடுகிறேன். தாளில் இருப்பதை வைத்துத்தான் போட வேண்டும், தாளில் இருப்பதன்படி இல்லை. கீழே குறிப்பு என்று மூன்று வரி இடம் இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை. எழுதுகிறேன். நோயாளி ஒவ்வொரு நாளையும் முந்தின நாளோடு ஒப்பிட்டுள்ளார். அவ்வாறு செய்யும்படி தவறாகச் சொன்னது நான். நோயாளியும் அவர் மனைவியும் எதையும் மறைக்கவில்லை. உண்மையில் குறைந்தது ஒன்பது நாட்கள் நோய் தீவிரமாக இருந்துள்ளது. மேலும் ஐவரின் டைரியில் இதே பிழை. மூன்று வரி போதவில்லை, ஓரத்தில் ஏறி எழுத வேண்டியதாயிற்று, மானிட்டர் திட்டுவாள், திட்டட்டும். என் பெயர், தேதி, நேரம். எழுதி முடித்தால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஆய்வுக் குழுவில் இருக்கிற பெரிய டாக்டர்கள் படிப்பார்கள், ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு ஊரில் கூடி இந்தச் சாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பேசுவார்கள், நியாயமாகத்தான் பேசுவார்கள். ஆனால் அது அந்த வீட்டுக்கு வந்து சேராது. அந்த வீட்டில் இந்த நிமிஷம் ஒருவன் பை கட்டிக்கொண்டிருக்கிறான், ஒரு அம்மா சமையலறையில் நின்றுகொண்டு அவன் செருப்புப் போடும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் பிறகு சொல்கிறேன். முறை தப்பினால் தப்பட்டும், முறையாகச் செய்த லட்சணம்தான் தெரிகிறதே.

பகவதியம்மாளின் நம்பரைப் போடுகிறேன், அங்கே மணி அடிக்கிறது. எடுக்க வேண்டாம், எடுக்கவே வேண்டாம் என்று ஒரு மனசு கெஞ்சுகிறது, அது என் மனசுதான். "சொல்லுங்க சிஸ்டர்." அம்மா, கொஞ்சம் உட்கார்ந்துக்கோங்க என்றேன். அம்மா, நேத்தோட வச்சுப் பாருங்கன்னு நான் சொன்னதுதான் தப்பு. நல்லா இருந்த நாளோட வச்சுத்தான் பார்த்திருக்கணும். அப்படிப் பார்த்திருந்தா முதல் வாரமே நீங்க எனக்குப் போன் பண்ணியிருப்பீங்க, நாங்க கூட்டிட்டு வந்திருப்போம். என் தப்பும்மா. உங்க தப்பு இல்ல. அவர் தப்பும் இல்ல. எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், இவ்வளவுதான் வந்தது. அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது, அடங்கியது. திட்டப்போகிறார், திட்டிவிட்டால் நல்லது, நாசமாப் போவன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு மூச்சு வரும். "அப்ப அவுக மறைக்கலியா?" என்றார், மெதுவாக. இல்லம்மா. "நான் எழுதுனது... நீங்க சொன்னபடி சரிதானா?" சரிதாம்மா, நான் சொன்னதுதான் தப்பு. பிறகு அழுகிற சத்தம், புடவையை வாயில் வைத்து அடக்குகிற அழுகை, எனக்கும் கண் மறைத்துவிட்டது, சுவரில் ஒட்டிய வரையறை கலங்கிக் கிடந்தது. "என் பிள்ள பையத் தூக்கிட்டான் சிஸ்டர்," என்றார் பகவதியம்மாள், குரலைத் துடைத்துக்கொண்டு. "நான் சொன்னா நம்ப மாட்டான். இதையே, இப்பம் என்ட்ட சொன்னீகள்லா, இப்படியே அவன்ட்ட ஒருக்க சொல்லிருங்க." ஏ குத்தாலம், ஏ அய்யா, நில்லு, ஆஸ்பத்திரி சிஸ்டர் பேசணுங்காக என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே போவது கேட்டது, கதவு, ஏதோ தட்டுப்பட்டு விழுகிறது, போன் கை மாறுகிறது. "ஹலோ," என்றான் மகன். "சொல்லுங்க."